எண்ணூறு மீட்டருக்கு எந்தக் காலேஜ்?

“சார், பொண்ணு எண்ணூறு மீட்டர் ஓடுறா. இத வெச்சி காலேஜ்ல சீட்டு வாங்கலாம்னு சொல்றாங்களே, நெசந்தானா?”

கேட்டவர் ஆட்டோ ஓட்டும் தம்பி. ரமணாசிரமத்துக்கு எதிரே செங்கம் சாலையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நான் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். அது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும் என்பதால், மே மாதம் வந்தால் டீ ஆறுவதற்குள் யாராவது இந்தக் கேள்வியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இவர் மகள் அரசுப் பள்ளியில் இப்போதுதான் பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள். ஒரு வருடம் முன்னாலேயே கேட்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம். பலரும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான் வருவார்கள். அப்போது ஆறுதல் சொல்லலாமே தவிர வேறொன்றும் சொல்ல முடியாது.

ஆட்டோ சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து நீட்டினார். உள்ளே பதினாறு சான்றிதழ்கள். கிளாஸை ஓரமாக நகர்த்திவிட்டு அவற்றை பெஞ்சிலேயே பிரித்து அடுக்கினேன். பள்ளி ஆண்டு விழா, பொங்கல் விளையாட்டு விழா, யாரோ நடத்திய மாரத்தான், கல்வியாண்டே போடாத ஒரு ‘சிறந்த வீராங்கனை’ என்று பத்து ஒரு பக்கம். குறுவட்ட அளவில் முதலிடம், இரண்டாமிடம், வருவாய் மாவட்ட அளவில் இரண்டாமிடம் என்று நான்கு இன்னொரு பக்கம். மாநில அளவிலான குடியரசு தினத் தடகளப் போட்டியில் கலந்துகொண்டதற்கு ஒன்று. மிச்சமிருந்தது எல்லாவற்றையும்விடப் பெரியது. பொன்னெழுத்து, ஹாலோகிராம் ஸ்டிக்கர், ‘அகில இந்திய அளவில் தங்கப் பதக்கம்’, கோவா.

“இதுக்கு எவ்ளோப்பா கட்டின?”

“எட்டாயிரம் சார். ரயில் டிக்கெட் தனி.”

“எத்தனை பேர் ஓடினாங்களாம்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அவளையும் சேர்த்து மூணு பேருன்னு சொன்னா.”

அந்தச் சான்றிதழை எந்த அமைப்பு கொடுத்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. இப்படிப்பட்டவை நாடு முழுக்க இருக்கின்றன. பெயரில் ‘தேசிய’, ‘அகில இந்திய’, ‘ஆசிய’ என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஒன்றிய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம் மட்டும் இருக்காது. அட்மிஷன் நடக்கும் இடத்தில் அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பார்கள், திருப்பிப் பார்ப்பார்கள், கீழே வைத்துவிடுவார்கள். எட்டாயிரம் ரூபாய்க்கு அவளுக்கு ஒரு நல்ல ஸ்பைக்ஸும் ஓடுகிற ஷூவும் வாங்கியிருக்கலாம்.

தம்பிக்கு முகம் வாடிவிட்டது. வாடட்டும், இப்போதே தெரிவது நல்லது. விளையாட்டை வைத்து சீட்டு கேட்கும்போது, பிள்ளை எவ்வளவு நன்றாக ஓடுகிறாள் என்று அரசு கவுன்சலிங்கில் யாரும் மைதானத்துக்கு வந்து பார்ப்பதில்லை. எந்தப் படியில் ஓடினாள், அந்தப் போட்டியை யார் நடத்தினார்கள், சான்றிதழ்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்ற மூன்று கேள்விகளுக்குக் காகிதம் பதில் சொல்ல வேண்டும். பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாலும் அதிகாரி காகிதத்தைத்தான் கேட்பார்.

படிகளைச் சொல்கிறேன். பள்ளிக்கல்வித் துறை வழியில் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம். மாநிலத்தில் தேர்வானால் இந்தியப் பள்ளி விளையாட்டுக் குழுமம் நடத்தும் தேசியப் போட்டி, மைதானத்தில் எஸ்.ஜி.எஃப்.ஐ. என்று சொன்னால்தான் புரியும். இன்னொரு வழி சங்கங்களுடையது. மாவட்டத் தடகளச் சங்கம், அதற்கு மேல் தமிழ்நாடு தடகளச் சங்கம், அதற்கு மேல் இந்தியத் தடகள சம்மேளனம். கல்லூரிக்குப் போன பிறகு மூன்றாவதாக ஒரு வழி திறக்கும். முதலில் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி. நம் மாவட்டமென்றால் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் நடப்பது. அதில் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால், இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் பெயரில் நடக்கும் இன்டர் யுனிவர்சிட்டி. இந்த மூன்று வழிகளுக்கும் வெளியே எவ்வளவு பெரிய கோப்பை வாங்கினாலும் அது வீட்டு அலமாரிக்குத்தான்.

“மாவட்டத்துல ரெண்டாவது வந்திருக்காளே சார், அதுக்கு மதிப்பில்லையா?”

மதிப்பு உண்டு. ஆனால் அடிஅண்ணாமலை வரை நடந்தவர் கிரிவலம் முடித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாதே, அந்த மாதிரி. மாவட்டச் சான்றிதழ் அடுத்த படிக்குப் போவதற்கான டிக்கெட். அரசு கலைக் கல்லூரியிலோ தனியார் கல்லூரியிலோ அதைப் பார்த்துவிட்டு, “ட்ரையல்ஸுக்கு வரச் சொல்லுங்க” என்பார்கள். பொறியியல் கவுன்சலிங் வரிசையில் அது பின்னால்தான் நிற்கும்.

பொறியியல் எப்படி நடக்கிறதென்று பார்ப்போம். தமிழ்நாடு பொறியியல் மாணவர் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள். மாநிலம் முழுக்க உள்ள எல்லாக் கல்லூரிகளுக்கும் சேர்த்துத்தான் இந்த 500. பொதுக் கவுன்சலிங் தொடங்குவதற்கு முன்னாலேயே, மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகள் ஆகியோரோடு சிறப்புப் பிரிவில் இது முடிந்துவிடும். இங்கே கட் ஆஃப் பார்த்து வரிசை போடுவதில்லை. சர்வதேசம், தேசியம், மாநிலம் என்று போட்டியின் படிக்கும் வாங்கிய இடத்துக்கும் புள்ளி கொடுத்து அதன்படி வரிசை. அதனால்தான் 120 கட் ஆஃப் வாங்கிய பையன் கிண்டிக்குப் போய்விட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரர் கதை சொல்கிறார். அந்தப் பையன் தேசிய அளவில் என்ன செய்தான் என்பதை அவர் சொல்ல மாட்டார். கணிதம், இயற்பியல், வேதியியலில் எல்லாருக்கும் விதித்த குறைந்தபட்ச மதிப்பெண் இவர்களுக்கும் உண்டு. அதில் தளர்வு கிடையாது.

இந்தப் பிள்ளைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, பொறியியலில் விளையாட்டுப் பிரிவுக்குள்ளும் உண்டு. அந்த வரிசையில் போட்டி கொஞ்சம் குறைவு. அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். ஆட்டோக்காரத் தம்பி இதைக் கேள்விப்பட்டதே இல்லை. விளையாட்டுக் கோட்டா என்றதும் அதை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்ற உரிமைகளை மறந்துவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவம் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மாநிலம் முழுவதற்கும் எம்.பி.பி.எஸ்.ஸில் 7 இடம், பி.டி.எஸ்.ஸில் 1. நீட் தேர்ச்சியும் வேண்டும். சர்வதேசப் போட்டிகளில் ஆடியவர்களே வரிசையில் நிற்பார்கள். அதை நம்பி ஒரு பிள்ளையை ஓட விடாதீர்கள்.

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் 3 விழுக்காடு இடம் விளையாட்டுக்கு. இதே செங்கம் சாலையில் இருக்கும் கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரியிலும் வருடா வருடம் முதல் நாள் கவுன்சலிங் சிறப்புப் பிரிவினருக்குத்தான். அன்றைக்குப் போகாமல் பொதுப்பிரிவு நாளில் ஃபைலோடு போய் நின்றால், பேராசிரியர்கள் பாவம், என்ன செய்வார்கள்? தேதியைத் தவறவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

இங்கே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். ஓட்டத்தை விட மனமில்லாத பிள்ளைக்கு, விளையாட்டுக் கோட்டாவில் கிடைக்கும் ஏதோவொரு பொறியியல் சீட்டைவிட, நல்ல மைதானமும் அக்கறையுள்ள பி.டி.யும் இருக்கும் கலைக் கல்லூரி மேல். நான் பார்த்தவரை, கோட்டாவில் இன்ஜினியரிங் சேர்ந்தவர்களில் பலர் முதல் வருடம் முடிவதற்குள் ஸ்பைக்ஸை ஆணியில் மாட்டிவிட்டார்கள். லேப், அரியர், இன்டர்னல் எல்லாம் சேர்ந்து சாயங்கால நேரத்தைத் தின்றுவிடும். சீட்டு வாங்கியபின் தொடர்ந்து விளையாடியே ஆகவேண்டும் என்று அரசு யாரையும் கட்டாயப்படுத்துவதுமில்லை. விளையாட்டு அங்கே கேட்டைத் தாண்டும்வரைதான். அதில் தப்பில்லை, குடும்பத்துக்கு வேலை முக்கியம். ஆனால் எதற்காகப் போகிறோம் என்பது பிள்ளைக்கும் அப்பாவுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

“சீட்டு சரி சார், ஃபீஸு?”

கேள்வி டீ மாஸ்டரிடமிருந்து வந்தது. பாலை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எதிரே இருக்கும் ஆசிரமத்தைக் காட்டிச் சொன்னேன்: அங்கே வாழ்ந்த மகரிஷிக்கும் காலேஜ் ஃபீஸுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மதுரையில் வேங்கடராமன் என்ற பள்ளிப் பையனாக இருந்தபோது அவருக்குக் கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் எல்லாம் பிரியம். பாடப் புத்தகத்தில்தான் மனம் ஒட்டவில்லை. 1896 ஆகஸ்ட் கடைசியில், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, கடிதம் எழுதி வைத்துவிட்டு, திருவண்ணாமலைக்கு ரயிலேறினார். செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தார். “அப்போ கோட்டா இருந்திருந்தா ஊருக்கு ஒரு ஃபுட்பால் பிளேயர்தான் கெடச்சிருப்பாரு” என்றார் மாஸ்டர். நாங்கள் சிரித்தோம்.

உதவித்தொகை என்ற சொல்லை இங்கே ஆளுக்கொரு அர்த்தத்தில் சொல்கிறார்கள். தனியார் கல்லூரிக்காரர் ‘ஃபுல் ஸ்காலர்ஷிப்’ என்றால் பணம் தருவார் என்று பொருளல்ல; வாங்க மாட்டார் என்று பொருள். டியூஷன் ஃபீஸ் கிடையாது, விடுதி, மெஸ் இலவசம், ஆடுவதற்கு உடுப்பு, போட்டிக்குப் போக வர செலவு. சில இடங்களில் இதில் பாதிதான். கல்லூரிக்கு இதில் என்ன லாபம்? பல்கலைக்கழகப் போட்டிகளில் ஒட்டுமொத்தச் சாம்பியன் கோப்பையும், பேப்பரில் போட்டோவும். பிள்ளைக்கு என்ன லாபம்? மூன்று வருடம் சாப்பாடும் பயிற்சியும் பட்டமும். இரண்டு தரப்புக்கும் நியாயமான பேரம்தான், பேரமென்று தெரிந்து செய்தால்.

அது நன்றாக அமைந்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டி ஆரம்மாள் வளர்த்தார். பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியவரைப் பயிற்சியாளர் கண்ணன் கவனித்தார். பயிற்சிக்கு அனுப்பப் பாட்டிக்குப் பஸ் காசுகூட இல்லை. கண்ணன் பேசி, மதுரை லேடி டோக் கல்லூரியில் சேர்க்கையும் விடுதியும் ஏற்பாடு செய்தார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்பு தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ரேவதி ஓடினார். ரயில்வேயில் வேலையும் கிடைத்தது. இந்தக் கதையில் கல்லூரி கொடுத்தது தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும். எண்ணூறு, நானூறு ஓடும் ஏழைப் பெண்ணுக்கு ஃபீஸ் தள்ளுபடியைவிட அதுதான் பெரிது.

மோசமாக அமைவதும் உண்டு. முட்டியில் லிகமெண்ட் கிழிந்த ஒரு கபடிப் பையனிடம் இரண்டாம் வருட நடுவில் முழு ஃபீஸையும் கேட்ட கல்லூரியை எனக்குத் தெரியும். வாயால் சொன்ன வார்த்தையைத் தவிர அந்தப் பையன் வீட்டாரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. ஆகவே தனியார் கல்லூரி பி.டி. சார் வீடு தேடி வந்து, “உங்க பொண்ண எங்ககிட்ட விட்ருங்க, நாங்க பாத்துக்கிறோம்” என்றால் டீ கொடுங்கள், கூடவே கேளுங்கள்: சலுகை எத்தனை வருடத்துக்கு? காயம் பட்டால் யார் வைத்தியம், அந்த வருடம் ஃபீஸ் உண்டா? ஒரு சீசன் சரியாக ஓடவில்லை என்றால்? அரியர் வைத்தால்? தேர்வு ஃபீஸ், பஸ் ஃபீஸ், புத்தகம் யார் கணக்கு? அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா? பதிலைக் கல்லூரி லெட்டர்பேடில், முதல்வர் கையெழுத்தோடு கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் சேர்க்காமலிருப்பதே நல்லது. கடைசிக் கேள்வி முக்கியம். அசல் மதிப்பெண் சான்றிதழை வாங்கிவைத்துக்கொண்டு, வேறு கல்லூரிக்குப் போக விடாமல் இழுத்தடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அரசு தரும் பணத்துக்கு வருவோம். ஒன்றிய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வான பிள்ளைக்கு வருடத்துக்கு 6.28 லட்சம் என்று பேப்பரில் போடுவார்கள். வாய் பிளக்க வேண்டாம். அதில் கைக்கு வருவது வருடத்துக்கு 1.20 லட்சம், மாதம் பத்தாயிரம். மீதி பயிற்சி, படிப்பு, சாப்பாடு, உபகரணம், பயணம் என்று அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையத்தின் வழியாகச் செலவாகும். கேலோ இந்தியா இளையோர் விளையாட்டு 2024 ஜனவரியில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் நடந்தபோது தமிழ்நாடு பதக்கப் பட்டியலில் இரண்டாமிடம் வந்தது. நம் சிலம்பமும் அதில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அந்தத் தளத்தில் ஆடுகிற பிள்ளைகளுக்கான திட்டம் அது.

மாநிலத்தில் 1992-இல் தொடங்கிய தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இருக்கிறது. எஸ்.டி.ஏ.டி. என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும். ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்பில் சேருகிற பிள்ளைகளை ஏப்ரல், மே வாக்கில் தேர்வு வைத்து விளையாட்டு விடுதிகளில் சேர்த்துக்கொள்கிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசுச் செலவு. மாணவியருக்கான விடுதி ஒன்று நம் திருவண்ணாமலையிலேயே இருக்கிறது. இதைச் சொன்னபோது தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். மகள் ஒன்பதாம் வகுப்பு போகும்போது யாரும் சொல்லவில்லையே என்ற பார்வை. அந்த வயதிலேயே அங்கே போயிருந்தால், தினமும் காலையிலும் மாலையிலும் கோச் நின்று ஓட வைத்திருப்பார். கோவா போக வேண்டியிருந்திருக்காது.

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் பணம் உண்டு. பள்ளி, கல்லூரி, மாற்றுத்திறனாளி, பொதுப் பிரிவு, அரசு ஊழியர் என்று ஐந்து பிரிவு. மாநில அளவில் தனிநபர் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். பெயர் பதிவதற்குக் காசு கேட்பதில்லை, மாவட்ட அளவிலிருந்தே ஆரம்பிக்கலாம். உள்ளூரில் பணம் கட்டி ஆடும் டோர்னமென்ட்களுக்கு முன்னால் இதில் பெயர் கொடுங்கள்.

விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பணத்தையும் அவருக்கு நினைவூட்டினேன். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் பணம். எண்ணூறு மீட்டர் ஓடுகிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்றால் முட்டையும் பாலும் என்று அர்த்தம்.

ஐ.ஐ.டி. பற்றிக் கேட்டவர் தம்பியில்லை; பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த, விடுதி நடத்தும் ஒரு அண்ணாச்சி. மகன் டேபிள் டென்னிஸ் ஆடுகிறான், ஜே.இ.இ. கோச்சிங்கும் போகிறான். அவருக்கு நல்ல செய்தி இருந்தது. சென்னை ஐ.ஐ.டி. 2024-25 கல்வியாண்டில், நாட்டிலேயே முதல் ஐ.ஐ.டி.யாக, விளையாட்டுச் சிறப்புச் சேர்க்கையைத் தொடங்கியது. ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் கூடுதலாக இரண்டு இடம், அதில் ஒன்று பெண்களுக்கே. கடந்த நான்கு ஆண்டுக்குள் தேசிய அல்லது சர்வதேசப் போட்டியில் ஒரு பதக்கமாவது வேண்டும். ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் ரேங்க் பட்டியலிலும் இருக்க வேண்டும். முதல் வருடம் சேர்ந்தவர்கள் ஐந்தே பேர். இடம் காலியாகக் கிடந்ததற்குக் காரணம் எளிது. மைதானத்திலும் மேசையிலும் அந்த உயரத்துக்கு ஒரே நேரத்தில் போகிறவர்கள் குறைவு. அண்ணாச்சி மகனுக்கு இரண்டும் வாய்த்தால் தனி வரிசை காத்திருக்கிறது.

டெல்லி பல்கலைக்கழகத்தில் வேறு மாதிரி. சி.யு.இ.டி. என்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கு 25 விழுக்காடு எடை, விளையாட்டுக்கு 75. அந்த விளையாட்டு மதிப்பெண் நூறிலும் சான்றிதழுக்கு 40-தான், 60 மைதானத்தில் ட்ரையல்ஸுக்கு. காகிதத்தை மட்டும் நம்பாமல் ஓடச் சொல்லிப் பார்க்கிறார்கள். நம் ஊர் கவுன்சலிங்கிலும் இப்படி ஒரு பங்கு மைதானத்துக்கு இருந்தால், கோவா தங்கங்கள் தானாக உதிர்ந்துவிடும் என்பது என் ஆசை.

“அமெரிக்காவுல எல்லாமே ஃப்ரீயாமே?” மாஸ்டர் மறுபடியும்.

ரமண நகரில் வெள்ளைக்காரர்களுக்கு டீ போட்டுப் போட்டு அவருக்கு அமெரிக்கா பக்கத்து ஊர். எல்லாம் இலவசமில்லை. அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.யில் மூன்று பிரிவு. முதல் இரண்டில் விளையாட்டு உதவித்தொகை உண்டு, மூன்றாவதில் கிடையாது. ஹார்வர்ட், கொலம்பியா போன்ற ஐவி லீக் கல்லூரிகளும் விளையாட்டுக்கென்று பணம் தருவதில்லை. குடும்ப வருமானம் பார்த்துத்தான் தருகின்றன. ஆனால் கோச் கேட்டால் சீட்டு கிடைப்பது சுலபமாகும், அதுதான் அங்கே பெரிய விஷயம். நம் ஸ்குவாஷ் வீரர் வேலவன் செந்தில்குமார் கொலம்பியாவில் படித்து ஆடியவர். டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர் 2017-இல் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு உயரம் தாண்டுதல் உதவித்தொகையில் போனார். 2018-லும் 2022-லும் அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன் ஆனார். மதுரையின் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் இருந்த வேக் ஃபாரஸ்ட் அணி 2025-இல் டென்னிஸ் குழுப் பட்டம் வாங்கியது. அங்கே சேர விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. ஓடிய நேரம், ஆடிய வீடியோ, மார்க் எல்லாவற்றையும் கோச்சுக்கே நேரடியாக எழுத வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மார்க்கிலிருந்து கணக்கெடுப்பார்கள். முதல் பிரிவில் ஆட 2.3 என்ற சராசரிக்குக் கீழே போகக் கூடாது.

போலி அங்கேயும் உண்டு. 2019-இல் பிடிபட்ட கல்லூரிச் சேர்க்கைத் தரகர் ரிக் சிங்கரின் வழக்கில், படகே ஓட்டாத பெண்களை உடற்பயிற்சி எந்திரத்தில் உட்கார வைத்துப் படமெடுத்து, படகு வீராங்கனைகள் என்று கல்லூரிக்கு அனுப்பியிருந்தார்கள். காசு வாங்கிய கோச்சுகள் வேலை இழந்தார்கள், பணக்காரப் பெற்றோர் ஜெயிலுக்குப் போனார்கள், சிங்கருக்கு மூன்றரை ஆண்டு தண்டனை. கோவாவில் எட்டாயிரம் என்றால் அங்கே லட்சக்கணக்கில் டாலர், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆட்டோக்காரர் இதிலெல்லாம் மனம் செலுத்தவில்லை. அவருக்குத் தன் மகளின் அடுத்த பத்து மாதம்தான் கேள்வி. “இப்ப இன்னா சார் பண்றது?”

சொன்னேன். பிளஸ் டூவில் இன்னொரு சுற்று குறுவட்டம், மாவட்டம், மாநிலம் இருக்கிறது. மாநிலத்தில் முதல் மூன்றுக்குள் வந்தால் கதையே மாறும். மாவட்டத் தடகளச் சங்கத்தில் அவள் பெயரைப் பதிந்து ஜூனியர் போட்டியிலும் ஓடச் சொல்லுங்கள், ஒரே வருடத்தில் இரண்டு வாய்ப்பு. ஓடிய நேரத்தை விநாடிக் கணக்கில் எழுதி வையுங்கள். கலைக் கல்லூரி ட்ரையல்ஸில் பி.டி. கேட்கும் முதல் கேள்வி “எவ்வளவு டைமிங்?” என்பதுதான். ஜிம்மில் யாரோ தரும் பவுடரும் மாத்திரையும் வேண்டாம். தேசியப் போட்டிக்குப் போனால் ஊக்கமருந்து சோதனை உண்டு. மாட்டினால் சான்றிதழ் மட்டுமல்ல, ஆண்டுக் கணக்கில் ஓட்டமே போய்விடும். படிப்பை விட்டுவிட வேண்டாம். கோட்டாவுக்கும் பாஸ் மார்க் வேண்டும்.

அப்புறம் பெயர். மாவட்டச் சான்றிதழில் அவள் பெயருக்குப் பின்னால் இனிஷியல், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் முன்னால். ஒன்றில் ஒரு எழுத்து கூட. சின்ன விஷயம் என்று தோன்றும். சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு இவை இரண்டு வேறு ஆட்கள். போட்டி நடந்த வருடத்திலேயே போனால் நடத்தியவரிடம் திருத்தி வாங்கிவிடலாம். இரண்டு வருடம் கழித்துப் போனால் அந்தச் செயலாளரே மாறியிருப்பார்.

பட்டம் வாங்கிய பிறகும் இந்தக் காகிதங்களுக்கு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு வேலைகளிலும் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. அங்கேயும் இதே படி, இதே கையெழுத்து, இதே படிவம். எனவே மாநிலப் போட்டிச் சான்றிதழை ஆட்டோ சீட்டுக்கு அடியில் வைக்காமல் வீட்டில் பத்திரமாக வைக்கச் சொன்னேன். கோவா தாளை மட்டும் அவர் தனியாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்து, அது சாயங்காலம் மைதானத்தை விட்டு வர மறுக்கிறதென்றால், இதைப் படிக்கும் பெற்றோர் ஒன்று செய்யுங்கள். பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டிலேயே நடந்துவிடுகின்றன. பள்ளி திறந்த முதல் வாரத்தில் உடற்கல்வி ஆசிரியரை நேரில் போய்ப் பார்த்து, பிள்ளையின் பெயரையும் பிறந்த தேதியையும் மார்க் ஷீட்டில் உள்ளபடியே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பெயர்ப் பட்டியல் பள்ளியிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் போகும்.